வெப்ஸ்டர் ஒரு பொம்பளைப் பேரு!

எங்க டிபார்ட்மென்ட் லைப்ரரியில ஒரு வெப்ஸ்டர் டிக்‌ஷனரி இருக்கு. தலையணை சைஸ். ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம இருக்க வெயிட் வைக்கிறதைத் தவிர, அதை யாரும் வேற எதுக்கும் யூஸ் பண்ணினதா சரித்திரம் இல்லை. ஆங்கில மொழி வரலாறு பேப்பருக்காக நான் அதைப் புரட்டினப்ப, 'வெப்ஸ்டர்'ங்கிற வார்த்தைக்கே அதுல அர்த்தம் போட்டிருந்தது. நெசவாளி!

நான் சென்னிமலைக்காரி. தறிச் சத்தத்துல தூங்கி, தறிச் சத்தத்துல முழிச்சு வளர்ந்தவ. விடுவேனா?

தோண்டத் தோண்ட மேட்டர் சுவாரஸ்யமாயிடுச்சு. பழைய ஆங்கிலத்தில் நெய்யுற ஆணுக்கு 'வெப்பா'ன்னு பேரு. நெய்யுற பெண்ணுக்கு 'வெப்பெஸ்ட்ரே'. அந்தக் கடைசி வால் இருக்கே, அது நம்ம பூக்காரி, தயிர்க்காரியில வர்ற 'காரி' மாதிரி. ஆக, வெப்ஸ்டர்னா நெசவுக்காரி. பேக்ஸ்டர் ரொட்டி சுடுறவ. ப்ரூஸ்டர் பீர் காய்ச்சுறவ. கார்ட்டூன் நெட்வொர்க்ல லேப் வெச்சுக்கிட்டு அக்காகிட்ட மாட்டி முழிப்பானே டெக்ஸ்டர்... அந்தப் பேருக்கு அர்த்தம் சாயம் போடுறவ!

இங்கிலாந்துல ரொம்ப காலம் ஆளுக்கு ஒரு பேருதான். 1066-ல நார்மன்காரங்க ஜெயிச்சு வந்த பிறகு ஊரெல்லாம் ஜான், வில்லியம், ராபர்ட்னு ஒரே பேரா வைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு கிராமத்துல அஞ்சு ஜான் இருந்தா எந்த ஜானை எப்படிக் கூப்பிடுறது? மில் பக்கத்து ஜான், ராபர்ட் மகன் ஜான், கொல்லன் ஜான்... நம்ம ஊர்ல 'போஸ்ட்மேன் வீட்டு செல்வி'ங்கிற கதைதான். நமக்கு அது பட்டப் பேரோட நின்னுடுச்சு. அங்கே வரி வாங்குற ஆபீஸருங்க அதை எழுதி வெச்சாங்க. 1377, 1379, 1381-னு மூணு தடவை தலைவரி போட்டப்ப ஊர் ஊராப் பட்டியல் எடுத்தாங்க. 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பேர் உறைஞ்சு போச்சு. அப்புறம் பேரன் மாட்டுக்கறிக் கடை வெச்சாலும் அவன் வெப்ஸ்டர்தான்.

இதுல எல்லா வெப்ஸ்டருக்கும் ஒரு நெசவுக்காரப் பாட்டி இருந்தான்னு சத்தியம் பண்ண முடியாது. வட இங்கிலாந்துல அந்த வாலோட பெண்பால் அர்த்தம் சீக்கிரமே தேய்ஞ்சு, தறியில உட்கார்ந்த ஆம்பளையையும் வெப்ஸ்டர்னே கூப்பிட்டாங்க. தெற்கே வெப், வெப்பர்னு வேற பேரு. அந்த வால் யாரோடதுங்கிறதே பின்னாடி மறந்து போய், துணி தைக்கிறவளுக்கு அது மேலேயே இன்னொரு பெண்பால் வாலை ஒட்டி 'சீம்ஸ்ட்ரெஸ்' ஆக்கினாங்க. டபுள் வால்!

வார்த்தை மட்டும் கை மாறலை, பாஸ். வேலையும் மாறுச்சு. காலால மிதிச்சு ஓட்டுற தறி வந்து, நெசவு காசு பார்க்குற தொழிலாகி, தொழில் சங்கங்கள் வந்தப்ப தறி மெதுவா ஆம்பளைங்க கைக்குப் போச்சு. 1461-ல பிரிஸ்டல் நகரத்துல ஒரு விதியே போட்டாங்க: நெசவாளிகள் மனைவியையோ, மகளையோ, வேலைக்காரப் பெண்ணையோ தறியில உட்கார வைக்கக் கூடாது. காரணம்? ராஜாவுக்காகச் சண்டை போட வேண்டிய ஆம்பளைங்க வேலையில்லாம சுத்துறாங்களாம். படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு.

பெண்களுக்கு மிஞ்சினது நூல் நூக்குற வேலை. ஒரு தறிக்குத் தீனி போட பல ராட்டை சுத்தணும். நூல் நூக்குறவளுக்குப் பேரு ஸ்பின்ஸ்டர். அதே வால்தான்! ஆனா வெப்ஸ்டரும் பேக்ஸ்டரும் மகன்கள் சுமக்குற கௌரவமான குடும்பப் பேராக, ஸ்பின்ஸ்டர் மட்டும் 17-ம் நூற்றாண்டு வாக்கில் 'கல்யாணமாகாதவ'ங்கிற சட்ட வார்த்தையாகி, அப்புறம் 'முதிர்கன்னி'ன்னு கேலியாயிடுச்சு. கல்யாணப் பதிவேட்டுல இருந்து அதைத் தூக்கினது 2005-லதான்.

இன்னொரு கூத்து. நெசவுக்காரியோட பேரை அவ பொண்ணு கடைசி வரைக்கும் வெச்சுக்க முடியாது. கல்யாணமானா புருஷன் பேருக்கு மாறிடணும்கிறது பழக்கம். ஹெலினா நார்மன்டன்னு ஒரு வக்கீல், கல்யாணத்துக்குப் பிறகும் பொறந்த வீட்டுப் பேர்லயே பாஸ்போர்ட் வேணும்னு நின்னு வாங்கினாங்க. பிரிட்டன்ல அப்படி வாங்கின முதல் மணமான பெண் அவங்கதான். வருஷம் 1924. 1837-ல இருந்து கல்யாணப் பதிவேட்டுல மணமக்களோட அப்பா பேரும் அப்பா தொழிலும்தான் இருந்தது. அம்மாவுக்குக் கட்டமே கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ்ல அம்மா பேரும் சேர்ந்தது 2021 மே 4-ம் தேதி.

அப்பாடா, ரொம்ப லேட்டுன்னு சிரிக்கலாம்னு பார்த்தேன். முடியலை. நம்ம ஃபார்ம்ல கட்டம் இருக்கு. நான் காலேஜ்ல சேர்றப்ப அப்பா நிரப்பின அப்ளிகேஷன்ல, தகப்பனார் தொழில்: நெசவாளர். தாயார் தொழில்: இல்லத்தரசி. அந்த இல்லத்தரசி காலையில அஞ்சு மணிக்கு ராட்டை முன்னாடி உட்கார்றாங்க. அவங்க தார் சுத்திக் குடுக்கலைன்னா அப்பாவோட நாடா ஒரு இஞ்ச் நகராது. சொசைட்டியில கூலி வரவாகுறது அப்பா பேர்லதான்.

டிக்‌ஷனரி போட்ட நோவா வெப்ஸ்டரைப் பத்தியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்துல இருந்து அமெரிக்கா போய்க் குடியேறின குடும்பம். 1828-ல சுமார் 70,000 வார்த்தைகளோட அகராதி வெளியிட்டார். 'கலர்'ல இருந்த 'யு'வைத் தூக்கின புண்ணியவான்! ஆனா, எனக்கு இப்ப அவர் பேரைப் பார்த்தா அவர் ஞாபகம் வர்றதில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனப்ப இந்தக் கதையெல்லாம் அம்மாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கிட்டிருந்தாங்க.

"ஏஞ்சாமி, சீமையில நூல் நூத்தாங்களே அந்தப் பொம்பளைங்க... அவங்க கூலியை யாரு கையில குடுத்தாங்களாம்?"

கல்யாணமானவளா இருந்தா, 1870-ல சட்டம் வர்ற வரைக்கும் அவ சம்பாதிக்கிறது புருஷனுக்குத்தான் சொந்தம்னு சொன்னேன்.

"அங்கேயுமா!"ன்னாங்க. அடுத்த தார்க்குச்சியை எடுத்து மாட்டினாங்க.