டிஸ்க்கில் ஒன்றுமில்லை

அன்றைக்கு நின்றுபோன சர்வரில் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கெட்டிருந்தது நான் செய்து போட்ட கர்னல். இது எனக்கு அப்போதே தெரியும். திரையில் கடைசியாக ஓடி உறைந்த வரிகளில் நெட்வொர்க் டிரைவரின் பெயர் பளிச்சென்று இருந்தது. டிஸ்க்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் மேலாளரிடம் "டிஸ்க் போயிடுச்சு சார்" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் புது டிஸ்க் வாங்கக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய் அன்று காலையில் முளைத்ததல்ல. கர்னலுக்குப் பெயர் வைக்கிற இடத்திலேயே அதைத் தொடங்கியிருந்தேன்.

லினக்ஸ் கர்னலின் தலைமை மேக்ஃபைலைத் திறந்தால் மேலேயே எண்கள் நிற்கும்: வெர்ஷன், பேட்ச்லெவல், சப்லெவல், எக்ஸ்ட்ராவெர்ஷன். அதற்கடுத்து நேம் என்று ஒரு வரி; லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் அதில் விளையாட்டாக ஏதாவது வைப்பார், அது எதிலும் சேராது. அந்த எண்களோடு, கன்ஃபிக்கில் 'லோக்கல்வெர்ஷன்' என்ற இடத்தில் நாம் கொடுக்கும் ஒட்டும் சேர்ந்ததுதான் கர்னலின் முழுப்பெயர். யூநேம் கட்டளை காட்டுவது அதைத்தான். மாட்யூல்கள் குடியிருக்கும் அடைவுக்கும் அதே பெயர். டெபியன் பேக்கேஜாகக் கட்டினால் 'லினக்ஸ்-இமேஜ்-' என்பதற்குப் பின்னால் வருவதும் அதே. ஆகவே பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டு கர்னல்கள் ஒரு கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாது. பின்னால் வருவது முன்னதை அழித்துவிட்டு உட்காரும்.

என் ஒட்டு '-லேப்'. முதலில் என் இனிஷியலைப் பெரிய எழுத்தில் வைக்கத்தான் ஆசை. டெபியன் பேக்கேஜ் பெயரில் பெரிய எழுத்துக்கு இடமில்லை, அடிக்கோட்டுக்கும் இல்லை என்பதால் அந்த ஆசை அடங்கியது.

கர்னலைக் கட்டும் ஏற்பாட்டில் மூன்று சாட்சிகள் உண்டு. கிட்டில் முத்திரையிட்ட வெளியீட்டிலிருந்து விலகி நாம் எதையாவது சேர்த்திருந்தால் பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தானாக ஒட்டிக்கொள்ளும். தானியங்கி ஒட்டை இயக்கிவைத்தால் கமிட்டின் அடையாள எண்ணும், கமிட் செய்யாத மாற்றம் கிடந்தால் 'டர்ட்டி' என்ற சொல்லும் சேரும். மூன்றாவது, எத்தனையாவது முறை கட்டினோம் என்று எண்ணிக்கொண்டே வரும் ஒரு சின்னஞ்சிறு மறைகோப்பு. அந்த எண் யூநேம் காட்டும் விவரத்தில் '#' குறியோடு நிற்கும். பேக்கேஜின் பதிப்பு எண்ணிலும் வால்பகுதியாக வரும்.

மூன்றின் வாயையும் நான் அடைத்தேன். கன்ஃபிக்கில் '-லேப்' அப்படியே இருக்க, லோக்கல்வெர்ஷனை மேக் கட்டளையிலேயே வெறுமையாகக் கொடுத்தால் கூட்டல் குறி வராது; அப்படிச் செய்தேன். தானியங்கி ஒட்டை அணைத்தேன். எண்ணிக்கைக் கோப்பு இரண்டிலக்கத்தைத் தொட்டதும் அழித்துவிட்டு மறுபடி '#1'-லிருந்து ஆரம்பிப்பேன். பேக்கேஜ் பதிப்பையும் கையால் எழுதி ஒரே எண்ணில் நிறுத்தினேன். காரணம் வேறொன்றுமில்லை. '#14' என்று யாராவது பார்த்தால், இவன் பதின்மூன்று தடவை சொதப்பியிருக்கிறான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது போல ஒரு கர்னல் வேண்டும் எனக்கு.

'-டெஸ்ட்' என்று நேர்மையாக ஒட்டும் வைத்துப் பார்த்தேன். அப்போதிருந்த கிரப் பூட்லோடர், பெயரில் 'டெஸ்ட்', 'ஆர்சி', 'ஓல்டு' என்றெல்லாம் வந்தால் அதைப் பழசாகக் கருதி வரிசையில் கீழே தள்ளிவிடும். இயல்பாக பூட் ஆவது மற்றதுதான். அதையே சாக்காக வைத்து மறுபடி '-லேப்'புக்கே வந்துவிட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இதையே வகுப்பெடுத்தவன் நான். டெபியன் பெயரையும் பதிப்பையும் எப்படிப் பிரித்து வைக்கிறது என்று பலகையில் எழுதிக் காட்டுவேன். டெபியன் 12-இல் பேக்கேஜ் பெயருக்குள் '6.1.0-18-ஏஎம்டி64' என்று இருக்கும். உள்ளே இருக்கும் உண்மையான பதிப்போ 6.1.76-1. அந்தப் 18 மாறினால் மாட்யூல்களோடு உள்ள ஒப்பந்தம் மாறிவிட்டது என்று பொருள். புதுப் பெயர், புது அடைவு, பழையது பத்திரமாகப் பக்கத்தில். ஒப்பந்தம் மாறாத சில்லறைத் திருத்தமென்றால் பெயர் அப்படியே இருக்கும், பதிப்பு மட்டும் ஏறும்.

எண்ணை அலங்காரம் என்று நினைக்காதே என்பேன். 2011-இல் 2.6.39-க்கு அடுத்து 3.0 வந்தபோது, '2.6' என்றுதான் தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் தடுமாறின, அவற்றுக்காக 3.0-ஐ 2.6.40 என்று பொய் சொல்லும் வசதியையே கர்னலில் சேர்த்தார்கள். 2021-இல் 4.4 வரிசை 256-ஆவது திருத்தத்தைத் தொட்டது. பதிப்பை ஒரே எண்ணாக்கும் கணக்கில் கடைசிப் பகுதிக்கு எட்டு பிட்தான் இடம். 255-க்கு மேல் போனால் வழிந்து, 4.4.256 என்பது 4.5.0 ஆகத் தெரியும். அதை 255-லேயே பிடித்து நிறுத்தினார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்து எண்ணிக்கைக் கோப்பை அழிப்பேன்.

நடந்தது இதுதான். அந்தச் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்குக் கர்னலோடு வரும் டிரைவர் சரியாக ஓடவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த மூலநிரலை நானே கம்பைல் செய்து மாட்யூல் அடைவில் வைத்திருந்தேன். எந்த பேக்கேஜுக்கும் சொந்தமில்லாத கோப்பு அது. டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி அதைத் தொடாது. அப்புறம் ஒரு நாள் ஸ்பின்லாக் பிழையறியும் வசதியை கன்ஃபிக்கில் அணைத்துக் கர்னலை மறுபடி கட்டினேன். வேகம் கூடும் என்ற எண்ணம். அந்த வசதி போனால் ஸ்பின்லாக்கின் அளவே சுருங்கும். அதை உள்ளே வைத்திருக்கும் அமைப்புகள் எல்லாவற்றிலும் உறுப்புகள் இடம் நகரும். பழைய மாட்யூல் பழைய இடத்தில் தேடும்.

மாட்யூலை ஏற்றும்போது கர்னல் அதன் முத்திரையைப் பார்க்கும்: கர்னலின் பெயர், இன்னும் சில அடையாளங்கள். பெயர் வேறாக இருந்திருந்தால் ஏற்க மறுத்து ஒரு வரி எழுதியிருக்கும். நெட்வொர்க் வராது, அவ்வளவுதான். என் பெயரோ அச்சு அசல் அதே '-லேப்'. ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாகச் சரிபார்க்கும் மாட்வெர்ஷன்ஸ் வசதியையும் கம்பைல் நேரம் மிச்சமாகட்டும் என்று ஏற்கெனவே அணைத்திருந்தேன். ஆகவே புதுக் கர்னல் பழைய டிரைவரை 'நம்ம ஆளு' என்று உள்ளே விட்டது. ரீபூட்டில் நெட்வொர்க் எழும் நேரம் எல்லாம் உறைந்தது. பழைய கர்னலுக்குத் திரும்பலாமென்றால் அதைத்தான் அதே பெயரில் வந்த புதியது தின்றுவிட்டதே. டெபியனின் சொந்தக் கர்னலையும், பூட் பகுதியில் இடம் பற்றவில்லை என்று முன்னமே கழற்றியிருந்தேன்.

ரெஸ்க்யூ யூஎஸ்பி போட்டு, அந்த ஒரு மாட்யூலை நகர்த்தியிருந்தால் சர்வர் எழுந்திருக்கும். ஆனால் எழுந்த பிறகு 'என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். புது டிஸ்க்கில் புதிதாக டெபியன் போட்டால் எல்லாம் சரியாகும், சாட்சியும் இருக்காது. என் புத்தி அப்படிப் போயிற்று.

அதற்குள் என்னோடு வேலை பார்த்த தம்பி அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முழுச் சோதனை ஓடவிட்டுக் காத்திருந்தான். மறுநாள் வந்து நின்றான். "அண்ணா, ரீஅலொகேட்டட் செக்டர் பூஜ்யம். பெண்டிங்கும் பூஜ்யம். டிஸ்க்ல ஒண்ணுமே தெரியலையே." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சில நேரம் ஸ்மார்ட்ல காட்டாதுடா" என்றேன். இந்த வரியில் உண்மையும் இருப்பதுதான் இன்னும் உறுத்துகிறது. சில டிஸ்க்குகள் சோதனையில் தேறிவிட்டு மறுநாளே சாகும். அவன் நம்பினான். நம்பியதோடு நிற்காமல், தன் சோதனை முறையில்தான் குறையோ என்று அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தான். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டான். இதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

இப்போது ஒட்டில் தேதியும் கமிட் எண்ணும் வைக்கிறேன். மொத்தப் பெயர் 64 எழுத்தைத் தாண்டினால் கர்னல் கட்டமாட்டேன் என்று நின்றுவிடும் என்பதால் அளவோடு. கூட்டல் குறி வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். எண்ணிக்கைக் கோப்பையும் தொடுவதில்லை.

இன்னொன்றும் பாக்கியிருக்கிறது. எங்கள் கணினிகள் எல்லாம் புதுக் கர்னலைத் தானாக இழுத்துக்கொள்ள ஒரு வெற்றுப் பேக்கேஜ் வைத்திருந்தேன். ஒருமுறை அதற்கு 6.1.0-ஆர்சி3 என்று பதிப்பு எழுதினேன். டிபிகேஜியின் வரிசையில் அது 6.1.0-ஐவிடப் பெரியது. இறுதி வெளியீடு வந்தபோது ஒரு கணினியும் அசையவில்லை. இடையில் சிறுகோட்டுக்குப் பதில் '~' போட்டிருந்தால் அது 6.1.0-க்கு முன்னால் அடங்கியிருக்கும். நான் அவசரத்தில் முன்னால் '1:' என்று இபாக் எண் சேர்த்துத் தாண்டிவிட்டேன். இபாக்கை ஒருமுறை வைத்தால் அப்புறம் எடுக்க முடியாது; எடுத்தால் அடுத்த பதிப்பெல்லாம் பழசாகிவிடும். அந்த '1:' இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்கிறார்கள். பழைய ரெப்பாசிட்டரியோடு ஒரு மோதல் என்று சொல்லி வருகிறேன். மோதல் எதுவும் இருந்ததில்லை. '~' போட மறந்தேன்.