ஓட்டுநர் சொன்ன உண்மை

காரைக்காலில் எம்மிடமுள்ள லாரி பத்தாண்டுகளைக் கடந்தது. சென்ற கோடையில் அது வாஞ்சூர் எல்லையருகே அடிக்கடி நின்றுபோயிற்று. "வண்டி தானாக அணைந்துவிட்டது நானா" என்பார் ஓட்டுநர். நாம் போய்ச் சாவியைத் திருப்பினால் உடனே இயங்கும். டீசலில் கைவைக்கிறாரோ என ஐயுற்றோம். ஒருநாள் கடுஞ்சொல்லும் கூறிவிட்டோம்.

மெக்கானிக் தம்பியே காரணத்தைக் கண்டறிந்தார். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னே, ஃபிளைவீல் உறையில் விரலளவு சென்சார் ஒன்று புதைந்திருந்தது. எஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிப்பது அதுவே. அறிவிப்பு நின்றால் கணினி டீசலை நிறுத்திவிடும். அதனுள்ளிருந்த செம்புக் கம்பிச்சுருள் சூடேறும்போது தொடர்பற்று, ஆறியதும் கூடிக்கொண்டிருந்தது.

கை நுழையாத இடம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்டார்ட்டரை இறக்கி, துருவேறி இறுகியிருந்ததை எண்ணெயிட்டு அசைத்தெடுக்க லுஹர் முதல் அஸர் வரை ஆயிற்று. சென்சார் அமரும் துளையை நன்கு துடைத்த பின்னரே புதியதைப் பொருத்தினார்.

அன்று மாலையே ஓட்டுநரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். பழுது கண்ணுக்கெட்டாத இடத்தில் இருந்தது. நாமோ கண்முன் நின்றவரைக் குற்றவாளியாக்கினோம். வீண் சந்தேகத்தை மார்க்கம் தடுத்திருப்பதை நாம் அறியாதவரல்லர். சென்சாரை மாற்றிவிட்டோம், சொன்ன சொல்லை மாற்ற இயலவில்லை.

நாவைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்குவானாக! ஆமீன்.