வேந்தர் வாங்கா வண்டி

பொருளொன்றன் பெருமை அதன் விலையிலா, பயனிலா உளது? எத்தோரே புகாட்டியின் வரலாற்றை வாசிக்குங்கால் இவ்வினா எம்முள்ளத்தில் எழுந்தது.

1881-ஆம் ஆண்டில் மிலான் நகரிற் பிறந்த இவர், அல்சாஸ் பகுதியிலுள்ள மோல்சைம் என்னும் ஊரில் மோட்டார் வண்டிகள் செய்துவந்தார். முடிமன்னர் ஏறுதற்கென்றே ‘ரோயால்’ என்னும் பெருவண்டியைச் சமைத்தார். அதன் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் ஏறக்குறைய 12.7 லிட்டர் கொள்ளளவினது. 25 வண்டிகள் செய்யக் கருதினார். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் ஆறே நிலைபெற்றன. புறத்தார் அக்காலத்தில் விலைகொடுத்து வாங்கியவை மூன்றே. அரசர் ஒருவரேனும் வாங்கினாரிலர்.

நிற்க, அவ்வியந்திரம் வீண்போகவில்லை. 1933 முதல் பிரெஞ்சு இருப்புப் பாதைகளில் ஓடிய புகாட்டி இரயில்களில் அதனையே இரண்டும் நான்குமாகப் பொருத்தினர். வேந்தருக்கென வகுத்த ஆற்றலால், சீட்டு வாங்கிய எவரும் விரைந்து ஊர்சேர்ந்தனர்.

ரோயாலின் எழிலை யாம் இகழேம். இன்றும் முலூஸ் நகரத்துக் காட்சிசாலையில் அது காண்பார் கண்ணைக் கவர்கின்றது. அவ்விரயிலொன்றும் அந்நகரிலேயே மற்றொரு காட்சிசாலையில் உளது. எம் மனம் அதனையே நாடுகின்றது. பட்டம் பெற்றுச் செல்லும் யாமும், கற்ற கல்வியை அணியாகச் சூடி நிற்பதோ, பலரை ஊர்சேர்க்கும் ஆற்றலாக்குவதோ என்பதைத் தேர்ந்துகொள்ளல் வேண்டுமன்றோ?