பவளத் தொட்டியும் வீட்டுக் காற்றும்

உயிருள்ள பவளத்தை வளர்க்கச் செத்த பவளத்தைக் கரைக்கிறோம். கால்சியம் ரியாக்டரின் வேலை அவ்வளவுதான். பழைய பவள எலும்புத் துண்டுகளைக் குழாயில் நிரப்பி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் குமிழி குமிழியாக விட வேண்டும். உள்ளே பி.எச். 6.5-ஐ ஒட்டி இறங்கினால்தான் கல் இளகும். வெளியே சொட்டும் நீரில் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுத்துக்கொள்ளும் அதே விகிதத்தில் இருக்கும். செலவாகாத வாயுவும் கூடவே வந்து தொட்டி நீரின் பி.எச்.-ஐத் தாழ்த்தும். கடல்நீரின் பி.எச். சுமார் 8.1, ரியாக்டர் ஓடும் தொட்டியில் விடியற்காலை 7.8 என்று மீட்டர் காட்டுவது சாதாரணம்.

அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். பி.எச். ஏற்றும் பொடி கடையில் கிடைக்கிறது. போட்டால் ஏறும், மறுநாளே இறங்கிவிடும். காரத்தன்மை மட்டும் தேவையில்லாமல் கூடிப்போகும். காரத்தன்மை 8 டி.கே.எச். என்று சரியாக இருந்தும் பி.எச். தாழ்ந்தால், நீரில் எதுவும் குறையவில்லை, வாயு மிகுந்திருக்கிறது. அதை வெளியேற்றத்தான் வழி தேட வேண்டும்.

அந்த வாயு முழுக்க ரியாக்டருடையதுதானா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரு குவளைத் தொட்டி நீரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஏர் பம்பால் ஒரு மணி நேரம் காற்றூதி அளக்க வேண்டும். இன்னொரு குவளைக்கு வீட்டுக்குள்ளேயே அதைச் செய்ய வேண்டும். மாடியில் ஏறிய அளவுக்குப் பி.எச். கூடத்தில் ஏறவில்லையென்றால், வீட்டுக் காற்றும் குற்றவாளி. எங்கள் கூடத்தில் அப்படித்தான் ஆனது. ஏ.சி.க்காகச் சாத்திய ஜன்னல், நாலு பேர் விடும் மூச்சு, பக்கத்தில் எரியும் கேஸ் அடுப்பு. ரியாக்டருக்குப் பாதிப் பங்குதான்.

நீரில் காற்றுக் குமிழி விட்டுக் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் காற்றிழுக்கும் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினோம், பி.எச். 8-ஐத் தாண்டியது. ரியாக்டர் நீரை ஸ்கிம்மரின் வாயருகே சொட்டவிட்டால் வாயுவில் ஒரு பகுதி அங்கேயே பிரிந்துவிடும். கல் நிரப்பிய இரண்டாவது குழாய் வழியே அனுப்பினால், மிஞ்சிய வாயு இன்னும் கொஞ்சம் கல்லைக் கரைத்துத் தீரும். விளக்கணைந்த பின் பவளத்துக்குள் வாழும் பாசிகளின் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் இரவில்தான் சரிவு அதிகம். அப்போது தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியான சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசிக்கு விளக்கு போடலாம். ஆவியான நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரையும் விடலாம். பள்ளிக்கூடத்தில் ஊதிப் பால்போலாக்கினோமே, அதே நீர். அதே வாயுவைத்தான் இங்கேயும் பிடிக்கிறது. பி.எச். 12-ஐத் தாண்டிய காரம் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கடல்நீரின் 8.1 எளிதில் வராது. பவளம் எலும்பு கட்டும்போது, கல்லைக் கரைக்கச் செலவான வாயுவை மறுபடி நீரிலேயே விடுகிறது. பி.எச். தாழ்வில் ஒரு பங்கு, பவளம் நன்றாக வளர்வதற்கு நாம் கொடுக்கும் விலை. அதனால் காலையில் முதலில் காரத்தன்மையை அளக்கிறேன். அது அசையாமல் இருந்தால், மீட்டர் காட்டும் 8.0 எனக்குப் போதும்.