கூரையும் பெயர்ப்பலகையும்

குழந்தைக்குப் பள்ளி தேடுவது மே, ஜூன் மாதத்து வேலை என்று நகரத்து நண்பர்கள் நினைக்கிறார்கள். திருவிடைமருதூர்ப் பக்கத்தில் அது சம்பா அறுவடையோடு தொடங்கிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வங்கிக்கு வந்ததும் முதல் பேச்சு கடனைப் பற்றியது, இரண்டாவது பேச்சு பள்ளிக் கட்டணத்தைப் பற்றியது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. குறுவைக்கு விதை, உழவு, நாற்றங்கால் என்று கை கரைகிற அதே நாட்களில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. பத்து மா நிலம் வைத்திருக்கும் எங்களைப் போன்றோருக்கு நாற்றா, நர்சரியா என்பது வெறும் சொல் விளையாட்டு அல்ல.

எங்கள் மகளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டிய ஆண்டு இது. நாங்கள் இருவருமாக ஐந்து பள்ளிகளுக்குச் சென்று வந்தோம். அவற்றில் நான்கு ஆங்கில வழிப் பள்ளிகள். போன இடமெல்லாம் முதலில் கையில் தரப்பட்டது வண்ணத்தாளில் அச்சிட்ட ஒரு மடிப்புத்தாள். கணினி அறை, கராத்தே, சிரிக்கும் குழந்தைகள். அந்தப் படங்களில் இருந்த குழந்தைகள் நிச்சயமாகக் காவிரிப்படுகையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஓரிடத்தில், அரசின் குழு நிர்ணயித்த கட்டணம் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. எங்களிடம் தந்த சீட்டிலோ புத்தகம், சீருடை, வேன் என்று வேறொரு கணக்கு இருந்தது.

எங்களுக்குப் பார்க்க வேண்டியிருந்தது வேறொன்று. இங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், கும்பகோணம் காசிராமன் தெருவில், 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளி எரிந்தது. கீழே மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ மேலே கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த பிள்ளைகள் இறங்குவதற்கு வழி ஒரு குறுகிய படிக்கட்டு. தொண்ணூற்று நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்துக்குள் அரசு உதவி பெறும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி, நர்சரிப் பள்ளி, பெண்கள் உயர்நிலைப்பள்ளி என மூன்று பள்ளிகள் இயங்கிவந்தன என்பது பிறகே ஊருக்கு உறைத்தது. பெயர்ப்பலகைகளை எல்லோரும் படித்திருந்தார்கள். கூரையை நிமிர்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்க வேண்டிய அலுவலர்களும் பார்க்கவில்லை.

அதன்பின் தமிழகமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. பாதுகாப்பான கட்டடமும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; அந்த வழக்குக்குக் காரணமே கும்பகோணம்தான். தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலை 30-இல் வந்தது. பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொருவர் விடுதலை. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனைகளையும் பெரிதும் தளர்த்தியது. பத்து ஆண்டுகள் காத்திருந்த பெற்றோர்களை நினைத்தால் பேச்சு எழவில்லை.

ஆகவே கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கையும் காட்டும்படி கேட்டோம். இரண்டு பள்ளிகளில் காட்டினார்கள். ஒன்றில் உரிமத்தின் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு அலுவலகத்தில் இருந்தவர், "இதையெல்லாம் யாரும் கேட்கறதில்லையே சார்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வியந்தார்.

வேன் இன்னொரு கவலை. 2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்து ஒன்பது குழந்தைகளும், அவர்களைக் கரைசேர்க்க முயன்ற இளம் ஆசிரியை ஒருவரும் மாண்டனர். இந்தப் படுகையில் சாலைக்கு ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் குளம். வளைவுகளில் மதகைத் தவிரத் தடுப்பு ஏதும் இருப்பதில்லை.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமலில்லை. ஆங்கிலம் வராமல் என்ன படிப்பு என்று எங்கள் அத்தை கேட்டார். அவர் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இது பழைய கேள்வியும்கூட. ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் சுகம், வடமொழி படித்தால் மறுவுலகில் சுகம், தமிழால் இரண்டுமில்லை என்று உறவினர்கள் சொன்னதை உ.வே.சா. தம் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். ஆனால் அவர் தந்தை தேடியது பள்ளியை அல்ல, ஆசிரியரை. அதற்காக அரியலூர், குன்னம் என்று குடும்பமே ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. கடைசியில் 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுவந்து சேர்த்தார். (நம் ஊருக்கு உலா பாடியவரும் அந்தப் பிள்ளையவர்கள்தாம்.) கட்டடமோ பெயர்ப்பலகையோ அங்கே கேள்வியாக எழவே இல்லை. நம் காலத்தில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெற்றோருக்கு இல்லை. ஒரு பள்ளியில் ஓராண்டில் மூன்று வகுப்பாசிரியைகள் மாறியதாக ஒரு தாய் சொன்னார். சம்பளம் கட்டுபடியாகவில்லையாம்.

ஐந்தாவதாகப் பார்த்தது எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. இதுவும் தனியார் நிர்வாகம்தான். எரிந்த கட்டடத்தில் இருந்ததும் இதே வகைப் பள்ளி என்பதை நாங்கள் மறக்கவில்லை. அதனால் இங்கே கூடுதலாகவே பார்த்தோம். தரைத்தளம் மட்டும், ஓட்டுக் கூரை, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல்கள், சமையற்கூடம் மைதானத்தின் மறுகோடியில் தனியே இருக்கிறது. தலைமையாசிரியை சான்றுகள் இருந்த கோப்பைத் தாமே எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு மகளிடம் பெயர் கேட்கவில்லை, ஏ பி சி டி சொல்லச் சொல்லவில்லை. வெளியே வேப்பமரத்தில் என்ன பறவை இருக்கிறது என்று கேட்டார். அவள் மைனா என்றாள். அது நாகணவாய் என்றும் சொல்லப்படும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

அங்கேயே சேர்த்துவிட்டோம். கழிப்பறை ஒன்றில் கதவுத் தாழ்ப்பாள் இல்லை. பள்ளி திறப்பதற்குள் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் மாலையில் வீட்டில் நாங்களே சொல்லித்தருவதாக ஏற்பாடு. அத்தைக்கு இன்னும் சமாதானமாகவில்லை. ஆறாம் வகுப்புக்குக் கும்பகோணம் போயே தீரவேண்டும் என்கிறார். அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன.