இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்துக்கு அமெரிக்கர் 'உதைபந்து' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஈடுபாடில்லை. என்றாலும் மேற்கு வேர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழக அணியினர் 1971இல் ஆடிய பருவம் மட்டும் என்னை விடுவதாயில்லை.

1970 நவம்பர் 14ஆம் திகதி, வெளியூர்ப் போட்டியொன்றில் தோற்றுத் திரும்பிய அவ்வணியின் விமானம் ஹண்டிங்டன் நகருக்கருகே மலைச்சரிவில் மோதியது. பயணித்த 75 பேரில் எவரும் மிஞ்சவில்லை. அவர்களில் 37 பேர் வீரர்கள். அணியைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

கலைக்கவில்லை. புதிய பயிற்றுவிப்பாளர் ஜாக் லெங்கியெல், அப்பயணத்தில் போகாமல் எஞ்சிய சிலரோடு முதலாம் வருட மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். முதலாம் வருடத்தினரை இறக்க அன்றைய விதி இடந்தரவில்லை; விசேட அனுமதி கிடைத்தது. முதற்போட்டியில் தோல்வி. செப்டெம்பர் 25இல் சேவியர் அணியை, ஆட்டத்தின் கடைசி வீச்சில், 15-13 என வென்றார்கள். பருவ முடிவில் இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி.

தேர்ச்சி அறிக்கையில் இது சிவப்பு மையால் கோடிடவேண்டிய புள்ளி. தவணைக்குத் தவணை அப்படிக் கோடிடும் ஆசிரியன் நான். வாப்பா மௌத்தான மறுவாரமே வகுப்புக்கு வந்து அமரும் பிள்ளையின் வரவைப் பதிய அந்த அறிக்கையில் ஒரு கட்டமும் இல்லை. மார்ஷல் பிள்ளைகளின் அந்தப் பருவத்தை அக்கட்டத்தில்தான் எழுதவேண்டும்.