எடின்பரோ கோட்டை வாசலில் ஓர் இரவு

'டாட்டூ' என்றதும் நமக்கெல்லாம் பச்சை குத்துவதுதானே நினைவுக்கு வரும்? ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் ராணுவ பாண்டு வாத்திய விழாவுக்கும் இதே பெயர்தான்! பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து பக்கம், இரவானால் முரசு அடித்துக்கொண்டு தெருவில் வருவார்களாம். 'பீப்பாய்க் குழாயை மூடு, சிப்பாய்களை அனுப்பு' என்று மதுக்கடைக்காரர்களுக்கு அறிவிப்பு. அந்த டச்சு வார்த்தைதான் திரிந்து 'டாட்டூ' ஆயிற்று.

1950-ல் தொடங்கிய இந்த விழா, கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகள் மட்டும் நடக்கவில்லை. 2023-ல் கிளாஸ்கோவிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கும் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது.

கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து கல் பாவிய தெருவில் மூச்சு வாங்க ஏறினால், அணைந்துபோன எரிமலைப் பாறையின் உச்சியில் கோட்டை! வாசல் மைதானத்தில் மூன்று பக்கமும் படிப்படியாக இருக்கைகள். எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆகஸ்டுதான் என்று பேர், குளிர் நம்ம ஊட்டி மார்கழிபோல் இருந்தது.

விளக்குகள் எரிந்ததும் கோட்டைக் கதவு திறந்தது. பேக்பைப்பும் முரசுமாக வரிசை வரிசையாக வந்தார்களே, மெய் சிலிர்த்துப் போயிற்று! நம்ம நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல இதில் மூன்று குழல்கள் தோளில் சாய்ந்தபடி ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. விரல் வைத்து வாசிக்கும் குழலில் ஒன்பதே சுரங்கள்தான். ஊதிய காற்று தோல் பையில் சேர, கக்கத்தால் அழுத்தி வாசிக்கிறார்கள். அதனால் மூச்சு வாங்கும்போதும் நாதம் நிற்பதில்லை. பெண்களும் ஆண்களுக்குச் சமமாக நின்று ஊதினார்கள்.

இதில் ஆரோக்கிய சமாசாரம் ஒன்றும் உண்டு. இந்தப் பையின் உள் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, அதைச் சுவாசித்த 61 வயதுக்காரர் ஒருவர் நுரையீரல் நோயால் இறந்ததாக 2016-ல் இங்கிலாந்து டாக்டர்கள் எழுதினார்கள். வாயில் வைத்து ஊதும் எந்த வாத்தியத்தையும் துடைத்து உலர்த்தி வைப்பது நல்லது. பிள்ளைகளின் புல்லாங்குழலுக்கும் இது பொருந்தும்!

உடையைச் சொல்ல வேண்டுமே! ஆண்கள் இடுப்பில் கட்டும் 'கில்ட்' என்னும் கட்டம் போட்ட கம்பளித் துணி எட்டு கஜம் வரை வருமாம். நம்ம மடிசார் ஒன்பது கஜம், கிட்டத்தட்ட சமம்தான்! ஆனால் மலைநாட்டு ஆண்கள் இதைக் கட்டக்கூடாது என்று 1747 முதல் 1782 வரை சட்டமே இருந்தது. கட்டினால் ஆறு மாதச் சிறை. பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. சொந்த உடையை உடுத்தவே சிப்பாயாக வேண்டியிருந்த காலம் அது என்று நினைத்தபோது, எதிரே ஆடிய கொசுவங்கள் வேறு மாதிரி தெரிந்தன.

கடைசியில் விளக்கெல்லாம் அணைந்தது. கோட்டை மதில் மேல் ஒரே ஒரு பைப்பர், அவர் மேல் மட்டும் வெளிச்சம். அவர் வாசித்த சோக கீதத்தில் அத்தனை கூட்டமும் மூச்சு விடவில்லை. ஆயுதம் இல்லாமல் வாத்தியத்தோடு போர்க்களத்தில் முன்னே நடந்தவர்கள் இவர்கள். 1944 ஜூன் 6-ல் நார்மண்டிக் கடற்கரையில் பில் மில்லின் என்பவர் குண்டு மழைக்கு நடுவே வாசித்துக்கொண்டே நடந்தார். அவர் பிழைத்தார். பிழைக்காதவர்கள் எத்தனை பேர்! போரில் மாண்டவர்களின் பெயர்களை எழுதி வைத்த நினைவு மண்டபம், 1927-ல் திறந்தது, இதே கோட்டைக்குள்தான் இருக்கிறது.

என் பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். அதுவரை கை தட்டிக் களித்தவர், மடியில் கை கோத்து அசையாமல் இருந்தார். "என் மகனும் ராணுவத்தில் இருந்தான்" என்றார். அந்த 'இருந்தான்' என்ற சொல்லுக்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. முடிவில் எல்லோரும் கை கோத்துப் பாடும் வழக்கப்படி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்தும் அவர் விடவில்லை. எனக்கும் விட மனசில்லை.

போகும் சகோதரிகளுக்கு: டிக்கெட்டைப் பல மாதம் முன்பே வாங்கி விடுங்கள். மழையிலும் நடக்கும், குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு போதும். கம்பளிச் சட்டை, காலுறை அவசியம். பகலிலேயே போய் நினைவு மண்டபத்தையும் பார்த்துவிட்டு இரவுக் காட்சிக்கு வாருங்கள். அப்போதுதான் அந்த ஒற்றைக் குழல் யாருக்காக அழுகிறது என்று புரியும்.